ரயிலில் தூங்குபவர் எந்த ஊர்க் கணக்கில்?

1

இன்று காலை எங்கள் நகரத்துப் பத்திரிகையில் ஓர் எண் வந்திருந்தது. இந்த நகரத்தில் வீடில்லாமல் வெளியில் படுத்துறங்குபவர்கள் எத்தனை பேர் என்ற எண். அதற்கு முன்னால் 'ஏறத்தாழ' என்று ஒரு சொல். பக்கத்தில் போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் ஒருவரின் படம்.

அந்த எண்ணை நான் இங்கே எழுதப் போவதில்லை. நகரத்தின் பெயரையும் எழுதவில்லை. ஹம் பக்கமும் வுப்பர்டால் பக்கமும் போகிற ரயில்கள் நின்று போகும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து என்னோடு கதைப்பவர்கள் சிலர், ஜெர்மனியிலுமா தெருவில் படுக்கிறார்கள் என்று நம்பாமல் கேட்பார்கள். படுக்கிறார்கள். எத்தனை பேர் என்று கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வரும். ஏனென்றால் அந்த எண்ணை எடுக்கத் தெருவில் இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. அந்த வேலையை ஒழுங்குபண்ணியவள் என் மகள் அனித்தா. இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த எண்ணை நானே நம்பவில்லை.

நான் மன்னாரிலிருந்து வந்தவள். முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. கடைசிப் பன்னிரண்டு வருடங்களாக, வீடற்றவர்கள் பகலில் வந்து போகும் ஓர் இடத்தில் சமையலறையில் வேலை. காலையில் வருவார்கள், குளிப்பார்கள், உடுப்புத் தோய்ப்பார்கள், பாணும் சூப்பும் சாப்பிடுவார்கள், பின்னேரம் நாங்கள் கதவைப் பூட்டும்போது போய்விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையில் ஒருவர் என்னிடம், தான் மூன்று மாதமாக 'பிளாட்டெ' போடுவதாகச் சொன்னார். சமையலறை பாஷையில் பிளாட்டெ என்றால் இறைச்சி, சீஸ் எல்லாம் அடுக்கிய பெரிய தட்டு. அவர் முன்பு ஹோட்டலில் வேலை செய்தவராக்கும் என்று நினைத்து, அப்படியானால் வெள்ளிக்கிழமை எங்களுக்கும் ஒன்று அடுக்கித் தாருங்கள் என்றேன். அந்த அறையே சிரித்தது. தெருவில் படுப்பவர்கள் தங்கள் படுக்கைக்கு வைத்திருக்கும் பெயர் அது. அவர் மட்டும் சிரிக்காமல், பாலத்துக்கு அடியில் தன் பிளாட்டெ எங்கே இருக்கிறது என்று எனக்கு வழி சொன்னார்.

2

பல வருடங்களாக எங்கள் நகரசபை இந்த எண்ணைத் தொலைபேசியில்தான் எடுத்தது. ஓர் அலுவலர் பொலிசுக்கும் ஒழுங்குத் துறைக்கும் எங்கள் இடத்துக்கும் போன் எடுத்து, உங்கள் கணிப்பில் எத்தனை பேர் என்று கேட்பார். பொலிஸ் சொல்வது குறைவாக இருக்கும். நாங்கள் சொல்வது கூடுதலாக இருக்கும். பிறகு எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து கோப்பி குடித்து, நடுவில் ஓரிடத்தில் வந்து நிற்பார்கள். எங்கள் கடற்கரையில் மீன் விலை தீர்கிற மாதிரி. அங்கே மீனாவது கண்ணுக்கு முன்னால் கிடக்கும்.

அனித்தா சமூகத் துறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்தில் இதை மாற்றினாள். போனில் கேட்டு எழுதுவது கணக்கல்ல, ஆட்களை நேரில் எண்ண வேண்டும் என்று மேலிடத்தோடு சண்டை பிடித்தாள். சண்டைக்குக் காரணம் இருந்தது. குளிர்காலத்தில் இரவுப் படுக்கைக்கென்று நகரசபை ஒரு பழைய பள்ளிக்கூட மண்டபத்தைத் திறந்துவிடும். சபையில் சிலர் அதை மூடப் பார்த்தார்கள். ஆளில்லாத கட்டிலுக்கு ஏன் செலவு என்றார்கள். ஆள் இருக்கிறது என்று காட்ட ஓர் எண் தேவைப்பட்டது.

எண்ணுவதற்கென்று ஒரு விடியற்காலையைக் குறித்தார்கள். நகரத்தை வலயங்களாகப் பிரித்து, வலயத்துக்கு இரண்டு பேர். எனக்குச் சோடியாக வந்தவர் திருமதி பிரான்ட், ஓய்வு பெற்ற தபால்காரி, இந்த ஊரின் ஒவ்வொரு வாசலையும் தெரிந்தவர். முதல் நாள் பின்னேரம் ஒரு பாடசாலையில் பயிற்சி. பயிற்சி தந்தவள் என் மகள். என்னை அவள் மற்றவர்களைப்போலவே குடும்பப் பெயர் சொல்லி மரியாதையாக அழைத்தாள். கேட்க ஒரு மாதிரி இருந்தது.

விதிகள் இவை. பொதுவிடத்தில் படுத்திருப்பவரை எண்ணலாம். படுக்கை விரித்து இருப்பவரையும் எண்ணலாம். நடந்துகொண்டிருப்பவரை எண்ணக்கூடாது; அவர் வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். தனியார் வளவுக்குள் கால் வைக்கக்கூடாது. கார் நிறுத்தும் மாடிக் கட்டடம் தனியாருடையது, எண்ணக்கூடாது. நண்பர் வீட்டுச் சோபாவில் படுப்பவருக்கு வேறு படிவம், வேறு மாதம். ரயிலுக்குள் இருப்பவர் எங்கள் எல்லைக்குள் இல்லை.

திருமதி பிரான்ட் கை உயர்த்தி, அப்படியானால் ரயிலுக்குள் இருப்பவரை ஆர் எண்ணுவார்கள் என்று கேட்டார். அது நகரசபையின் பொறுப்பல்ல என்றாள் அனித்தா. நல்ல கேள்வி என்றும் சொன்னாள். இந்த நாட்டில் ஒரு கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அதை நல்ல கேள்வி என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.

விடியப்புறம் நான்கு மணிக்குத் தொடங்கினோம். தேவாலயப் பக்கச் சுவரோடு இரண்டு பேர். நூலகத்தின் கூரை நீண்ட இடத்தில் ஒருவர், நாயோடு. பிறகு ஒரு வங்கி வாசல். காசு எடுக்கும் இயந்திரம் இருக்கிற கண்ணாடி அறைக்குள் ஒருவர் படுத்திருந்தார். அவருடைய இரண்டு சப்பாத்துகளின் அடியும் எங்களுக்குத் தெரிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நகரம், அந்தப் பக்கம் தனியார் இடம். திருமதி பிரான்ட் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரை எழுத ஒரு கட்டமும் இல்லை. நாற்பது வருடம் கடிதம் போட்டிருக்கிறேன், விலாசம் இல்லையென்று ஓர் ஆளையே விட்டுப் போனதில்லை என்று முணுமுணுத்தார். விட்டுவிட்டுத்தான் போனோம்.

ஐந்து மணியளவில் ரயில் நிலையத்துக்கு முன்னால் பஸ் தரிப்பில் யோகநாதன் அண்ணையைக் கண்டேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வந்த புதிதில் அகதிகள் விடுதியில் இருந்தபோது, எங்கள் எல்லோருக்கும் நாவாக இருந்தவர் அவர். எங்களுக்கு முந்தி வந்தவர், யாழ்ப்பாணத்தவர். ஜெர்மன் பாஷையை எங்கே எப்படிப் படித்தாரோ, விடுதிக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் வாசித்து, பதிலும் எழுதித் தருவார். அனித்தா பிறக்க நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, என் கணவர் வேலையில். டொக்டர் சொல்வதெல்லாவற்றையும் கதவுக்கு வெளியே நின்று தமிழில் உரத்துச் சொன்னவர் யோகண்ணைதான். பிறகு அவர் ஒரு கேபிள் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தார். தொழிற்சாலை மூடப்பட்டதும், அவரும் மனைவியும் சத்தமில்லாமல் பிரிந்துபோனதும் தெரியும். அதன் பின் கண்டது குறைவு.

அன்று நல்ல ஜாக்கெட் போட்டு, தலை வாரி, தோளில் ஒரு பையோடு நின்றார். முதல் ஷிஃப்ட், ஒரு பொதிக் கிடங்கில், என்றார். நான் திருமதி பிரான்டுக்கு அவரைப் பெருமையாக அறிமுகம் செய்தேன். அவர் கை குலுக்கினார். யோகண்ணை என் கையிலிருந்த எழுதும் மட்டையையும் படிவத்தையும் ஒரு தடவை பார்த்தார். பஸ் வந்தது, ஏறிப்போனார். நாங்கள் அடுத்த தெருவுக்குப் போனோம்.

3

ஊரில் எண்ணப்படுவது வேறு விதமாக இருந்தது.

சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து ஒரு தேவாலய வளவில் பல மாதம் இருந்தோம். மரத்துக்கு மரம் தறப்பாள் கூடாரம். நிவாரணப் பதிவுக்கு ஊர் அதிகாரியான விதானையார் கொப்பியோடு வருகிற நாளில் எல்லோரும் கிடந்த கிடையிலிருந்து எழும்பி வரிசையில் நிற்போம். தலைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு. அதனால் தலையைக் கூட்டிக் காட்டுவதில்தான் எல்லோருக்கும் கெட்டித்தனம். என் அம்மா அடுத்த தறப்பாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். விதானையாருக்கும் அது தெரியும். 'போன கிழமை இது பெட்டைக் குழந்தையெல்லோ' என்று ஒருநாள் கேட்டதைத் தவிர, எழுதாமல் விட்டதில்லை. செத்தவர்களையும் சில வீடுகளில் இரண்டு மாதம் உயிரோடு வைத்திருந்தார்கள்.

அங்கே இல்லாத ஆட்களும் விதானையாரின் கொப்பியில் இருந்தார்கள். இங்கே, எங்கள் ஆட்களில் வீடில்லாதவர் ஒருவருமே இல்லை என்று எழுதிக்கொடுத்தது நாங்கள்.

எண்ணும் நாளுக்கு ஒரு மாதம் முன்பு, நகரசபை எல்லாச் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. வெளியில் தெரியாமல் வீடில்லாதிருப்பவர்கள் உங்கள் சமூகத்தில் உண்டா, உங்கள் கணிப்பில் எத்தனை பேர் என்று கேட்டு. எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கும் வந்தது. செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "எங்கடை ஆக்களிலை அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு வடிவா எழுதுங்கோ அக்கா" என்றார்.

வடிவாகத்தான் எழுதினேன். எங்கள் சமூகம் தன் மக்களைத் தானே பார்த்துக்கொள்ளும், ஆகையால் அப்படியான ஒருவரும் எங்களிடையே இல்லை என்று, சொல் தேடி, இலக்கணப் பிழை வராமல், ஒரு பின்னேரம் முழுக்க இருந்து எழுதினேன். அனித்தாவிடம் காட்டித் திருத்தக்கூட இல்லை. அவள் வேலை செய்யும் கந்தோருக்குத்தானே போகிறது, அம்மாவின் ஜெர்மனைப் பார்க்கட்டும் என்ற எண்ணம்.

4

எண்ணி முடிந்து மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, உறவுக்காரர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வுப்பர்டாலுக்குப் போனேன். மத்தியான ரயில். இரண்டு தட்டுப் பெட்டி; மேல் தட்டில் இடம் இருக்கும் என்று ஏறினேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு சேட். யன்னலோரத்துக் கொக்கியில், உடுப்பு மாட்டும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தோய்த்த சேட், கழுத்துப்பட்டியில் இன்னும் ஈரம். அதற்குக் கீழே யோகண்ணை நித்திரையாக இருந்தார். சப்பாத்து இரண்டும் ஆசனத்துக்கு அடியில் சோடியாக. கால்களுக்குக் கீழே ஒரு பேப்பர் விரித்திருந்தது. போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பழகிய அறையில் படுக்கிறவரின் ஒழுங்கு அது.

சீட்டுப் பார்க்கிற பெண் வந்தார். என்னுடையதைப் பார்த்தார், அவரைத் தாண்டிப் போனார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, குரலைத் தாழ்த்தி, அவரிடம் சீட்டு இருக்கிறது, எப்போதும் இருக்கும் என்றார். எப்போதும் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. இங்கே மாதச் சீட்டு ஒன்று உண்டு. அதை வைத்திருந்தால் நாடு முழுக்கப் பிராந்திய ரயில்களில் எங்கேயும் போகலாம், வரலாம். சூடு இருக்கும், கழிப்பறை இருக்கும், ஆசனம் இருக்கும். ஒருவரும் ஏன் என்று கேட்க முடியாது.

ஹாகன் தாண்டியதும் கண் விழித்தார். என்னைக் கண்டார். முதலில் கொக்கியிலிருந்த சேட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு சப்பாத்தைப் போட்டார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்து, பூசைக்கோ என்றார்.

ஒளிக்க எதுவும் மிஞ்சவில்லை. ஆகையால் சொன்னார். கூட இருந்த நண்பரின் வீட்டைச் சொந்தக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். வேறு வீடு கிடைக்கவில்லை. கேட்டுப் போகிற இடமெல்லாம் முழுநேர வேலைச் சான்று கேட்கிறார்கள். அவருக்குக் கிடங்கில் பகுதி நேரம்தான். பகலில் ரயிலில் நித்திரை. ரயில் குறைகிற நேரத்தில் நடப்பார். இரண்டாவது குளிர்காலம் இது. நடப்பவரை எண்ணக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது.

"அண்டைக்குக் கையிலை ஒரு மட்டை வச்சிருந்தியள். அதிலை என்னை எழுதினியளோ தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை."

"நல்லது" என்றார்.

வுப்பர்டாலில் நான் இறங்கும்போது, ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்றார். அந்தப் பூசையில் குருவானவர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

5

சொல்ல வேண்டாம் என்றதை நான் ஒரே ஒரு ஆளிடம் மீறினேன். ஞாயிற்றுக்கிழமை அனித்தாவின் வீட்டுக்குப் போனேன். பெயரைச் சொல்லாமல், ஒருவரைச் சேர்க்க வேண்டும், எண்ணைக் கூட்டு என்றேன்.

கணக்கு முடிந்துவிட்டது என்றாள். எண்ணிய நேரத்தில் அவர் எங்கே இருந்தார் என்று கேட்டாள். பஸ் தரிப்பில், நான் கை குலுக்க வைத்த இடத்தில். நடந்துகொண்டா? நின்றுகொண்டு. படுக்கை இருந்ததா? இல்லை. பதிவு விலாசம்? அது இன்னும் பிரிந்த மனைவியின் வீட்டில். அப்படியானால், என்றாள் அனித்தா, கடதாசிப்படி அவருக்கு வீடு இருக்கிறது, அம்மா.

எனக்கு வந்த கோபத்தில் வங்கிக் கண்ணாடியையும் சப்பாத்து அடியையும் சொல்லி, நீ எடுத்தது கணக்கே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எண்ணியது என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். அவள் ஜெர்மனில் பதில் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, தமிழுக்கு மாறினாள். அவளுடைய தமிழ் யோசித்து யோசித்து வரும்.

"நான் பொய் எழுதேல்லை அம்மா. எதை எண்ணினது, எதை எண்ணாம விட்டது எண்டு கீழை எல்லாம் எழுதியிருக்கு."

"அந்தச் சின்ன எழுத்தை ஆர் பிள்ளை வாசிக்கிறது?"

"காட்டேலாத ஒரு ஆளை எழுதினா, சபையிலை அவையள் முழுக் கணக்கையும் தூக்கி எறிவினம். பிறகு மண்டபமும் இல்லை."

அதில் நியாயம் இருந்தது; அதுதான் இன்னும் எரிச்சல். இந்த வேலைக்காக அவள் எத்தனை கூட்டத்தில் தனியாக நின்றாள் என்று எனக்குத் தெரியும். என் தங்கச்சிமார் போனில் கேட்பார்கள், மகள் எங்கள் ஆட்களோடு ஒட்டுவதில்லையாமே, கோயிலுக்கும் வருவதில்லையாமே என்று. வருவதில்லைதான். இந்த ஊரில் கூரையில்லாதவர்களுக்காகச் சண்டை பிடிக்கிற தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான் என்று நான் சொல்வதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அவள் எழும்பித் தன் பையிலிருந்து காகிதக் கோப்பு ஒன்றை எடுத்து வந்தாள். உள்ளே தமிழ்ச் சங்கத்தின் கடிதம். என் கடிதம். மற்றச் சங்கங்கள் பதிலே போடவில்லை, உங்களுடையதுதான் ஒரு எண்ணோடு வந்தது என்றாள். எண் பூச்சியம். அதை அவள் அட்டவணையில் ஏற்றியிருந்தாள். வேறென்ன செய்வாள், எழுத்தில் வந்திருக்கிறதே.

அவள் சொல்லிக்காட்டவில்லை. மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். நான் அதைத் திரும்ப வாசித்தேன். ஒரு பிழையும் இல்லாத ஜெர்மன்.

மறுநாள் செயலாளருக்குப் போன் எடுத்தேன். கடிதம் பிழை, திருத்தி அனுப்ப வேண்டும் என்றேன். ஆர் அந்த ஆள் என்று கேட்டார். சொல்ல ஏலாது என்றேன். பெயரில்லாத ஆளுக்காகச் சங்கத்தின் மானத்தை வாங்கவோ என்று கேட்டு வைத்துவிட்டார். ஆகையால் என் பெயரில் நானே எழுதினேன். முன்பு எழுதியது தவறு, ஒருவராவது இருக்கிறார், எங்களுக்குத் தெரியாமல் இன்னும் இருக்கலாம், தெரியாததை இல்லையென்று எழுதிவிட்டேன். நான்கு வரி. கந்தோரில் அதைப் பதிந்து, கிடைத்தது என்று முத்திரை போட்டு, எனக்கு ஒரு பிரதி அனுப்பினார்கள். எண் மாறவில்லை. அடிக்குறிப்பில் ஒரு வரி கூடியது.

6

அனித்தா அன்று இன்னொன்றும் சொல்லியிருந்தாள். எண்ணில் இருக்கிறாரா இல்லையா என்பது வேறு. வீடில்லாத ஒருவர் வந்து கேட்டால் அன்றைக்கே தங்க இடம் கொடுப்பது நகரசபையின் கடமை. ஆனால் அவர் வர வேண்டும். அவர்தான் கேட்க வேண்டும்.

யோகண்ணை வர மாட்டேன் என்றார். நான் இரண்டு தடவை ரயில் மேடையில் காத்து நின்று சொன்னேன். சாப்பாடு கொண்டுபோனேன், வேலையிடத்தில் சாப்பிட்டேன் என்று திருப்பித் தந்தார். இடம் வேண்டாம், எனக்கு இதுவே போதும் என்றார். சுற்றிக்கொண்டே இருந்தால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்றார்.

பங்குனியில் ஒருநாள் காலை, நான் பாண் வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"தங்கச்சி, பாதை திருத்தீனமாம். நாளையிலை இருந்து ஆறு கிழமைக்கு எங்கடை பக்கம் ரயில் இல்லை, பஸ்தான் ஓடுமாம்." பிறகு, "அந்தக் கந்தோர் எந்தப் பக்கம் எண்டு சொன்னியள்?" என்றார்.

பஸ்ஸில் கால் நீட்ட முடியாது. அரை மணிக்கொரு தடவை இறக்கிவிடுவார்கள். இரண்டு குளிர்காலம் செய்யாததைத் தண்டவாளத் திருத்த வேலை செய்தது.

மறுநாள் அவரும் நானும் போனோம். பதிவு விலாசம் ஒரு தடையாக வரும் என்று அனித்தா எச்சரித்திருந்ததால், முதல்நாளே அவருடைய மனைவிக்குப் போன் எடுத்தேன். போகும் வழியில் நான் அவருடைய வாசலில் நிற்க, அவர் படிகளில் இறங்கி வந்து, இவர் இங்கே இல்லை என்று கையெழுத்துப் போட்ட கடதாசியையும், சேர்ந்திருந்த கடிதங்களை ஒரு துணிப்பையிலும் தந்தார். இருமல் மருந்து ஒன்றும் பைக்குள் இருந்தது.

கந்தோரில் இருந்த பெண்மணி மோசமானவர் அல்ல. களைத்தவர். என்ன விஷயம் என்று கேட்டார். யோகண்ணை நிமிர்ந்து இருந்து, திருத்தமான ஜெர்மனில், தான் வீடு தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

வீடு தேடுபவர்களுக்கு வேறு அறை என்றார் அவர். கீழ்மாடியில். அங்கே தெர்மின் என்கிற சந்திப்பு நேரம் எடுக்க வேண்டும், இப்போது எடுத்தால் ஆறு கிழமை செல்லும். யோகண்ணை நன்றி சொல்லி எழும்பினார். உண்மையாகவே எழும்பினார். நான் ஜாக்கெட் நுனியைப் பிடித்து இருத்தினேன்.

பெண்மணி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: நீங்கள் 'ஒப்டாக்லோஸ்' ஆ?

தலைக்கு மேல் கூரையில்லாதவர் என்று அர்த்தம். அந்தச் சொல்லை அவர் சொன்னால்தான் இந்த அறை அவருக்குரிய அறை. ஓம் என்று தலையாட்டினாலும் போதும். யோகண்ணை மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேருடைய வாழ்க்கையை ஜெர்மனில் சொல்லிக் கொடுத்த மனிதர். கதவுக்கு வெளியே அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்.

"எனக்கு வீடில்லை, தங்கச்சி. இவவுக்குச் சொல்லுங்கோ."

நான் சொன்னேன். அவர் ஒரு தரமும் என் ஜெர்மனைத் திருத்தவில்லை. அதன் பிறகு அவர் தமிழிலேயே பேசினார், நான் மாற்றிச் சொன்னேன். எவ்வளவு காலமாக? இரண்டு குளிர்காலம். மனைவி எழுதிய கடதாசி எங்கே? இதோ. நேற்று எங்கே படுத்தீர்கள்? ரயிலில், ஹம்முக்கும் கொலோனுக்கும் இடையில், ரயில் நிற்க முன்னம் கடைசி ஓட்டம். பெண்மணி விரலை நிறுத்தினார். கணினி அதை ஏற்காது, ஓர் ஊரின் பெயர் வேண்டும் என்றார். எந்த ஊர் என்று யோகண்ணையைக் கேட்டேன். ஏறினதும் இங்கே, இறங்கினதும் இங்கே என்றார். பெண்மணி எங்கள் ஊரின் பெயரை அடித்தார். இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

அன்று பின்னேரமே ஓர் அறையின் திறப்பைக் கையில் தந்தார்கள். நகரசபையின் தங்குமிடம், இரண்டு கட்டில், பொதுக் குளியலறை. அடுத்த கட்டிலில் ஒரு போலந்துக்காரர், கட்டட வேலையாள். நல்ல இடம் என்று சொல்ல மாட்டேன். கதவுக்குப் பூட்டு இருக்கிறது. யோகண்ணை இப்போதும் அங்கேதான். வீடு தேடுகிறார், கீழ்மாடியில் தெர்மின் எடுத்து, ஆறு கிழமை காத்து, படிவம் நிரப்பி, பட்டியலில் இருக்கிறார். தெருவில் படுப்பவர்களின் எண்ணில் அவர் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. தங்குமிடங்களில் இருப்பவர்களை வேறொரு நாளில், வேறோர் அட்டவணையில் எண்ணுகிறார்களாம். அதில் வருவார் என்றாள் அனித்தா. மண்டபம் அடுத்த குளிர்காலத்துக்கும் திறக்கும், கட்டில் குறைவாக. அதையும் சேர்த்துத்தான் இன்றைய பத்திரிகையில் போட்டிருக்கிறார்கள்.

7

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எங்கள் செபமாலைக் கூட்டத்துக்கு வருகிற ஒரு பெண். பத்து வருடமாகத் தெரியும்; அவளுடைய வீட்டு விறாந்தையில் எந்த நேரமும் சப்பாத்துகள் நிறைந்திருக்கும். விருந்துக்காரர் ஓயாத வீடு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். பேப்பர் பார்த்தாளாம். நான் ஒருவரைக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனது எப்படியோ காதில் விழுந்ததாம். எந்த அறை, என்னென்ன கடதாசி என்று கேட்டாள். தெரிந்த ஒரு ஆளுக்காகக் கேட்பதாகவும் சொன்னாள்.

ஆர் என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் மாடி, இடப் பக்கம், கடவுச்சீட்டு, இருந்தால் வேலைக் கடதாசி, செவ்வாயும் வியாழனும் காலையில் தெர்மின் தேவையில்லை என்று சொன்னேன். அந்த ஆளுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் நான் வந்து நின்று சொல்கிறேன் என்றேன்.

அவள் எழுதிக்கொண்டது கேட்டது. திரும்ப வாசித்துக் காட்டினாள். எல்லாம் சரி என்றேன். வைப்பாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அவளுடைய பக்கத்தில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலை நன்றாகத் தாழ்த்தினாள்.

"ஒரு ஆள் இல்லை அக்கா. ரெண்டு பேர்."